மாடி வீட்டில் மூன்று பேர்

கண்ணாடியத்தை கையெழுத்துப் போடவும் இல்லை. போட மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. அண்ணன் மகள் கொண்டுவந்து கொடுத்த விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் போட்டு, அதன்மேல் மாத்திரை டப்பாவைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு வாரமாக அந்தப் பக்கமே திரும்பாமல் நடமாடிக்கொண்டிருந்தாள். மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவள் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குக் கண்ணாடியத்தை என்று பெயர் வந்தது கண்ணாடி போட்டதால் அல்ல. கடைத்தெருவில், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் வேலை பார்த்தாள். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு சேர்ந்தவள் தலை நரைத்துத்தான் வெளியே வந்தாள். வருகிறவர்களை உட்காரவைத்து, மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் வேலை. அதில் ஒரு சங்கடம் உண்டு. நாற்பதைத் தாண்டியவர்கள் வயதை யாரிடம் வேண்டுமானாலும் மறைக்கலாம், படிக்கிற கண்ணாடியின் பவர் காட்டிக்கொடுத்துவிடும். முப்பத்தெட்டு என்று கூசாமல் சொன்ன எத்தனையோ பெண்மணிகளின் நிஜ வயதும், மீசைக்கு மை தீட்டிய எத்தனையோ கனவான்களின் நிஜ வயதும் அவளுக்கு அத்துப்படி. ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. அடுத்தவர் சமாசாரத்தையே அப்படி அடைகாத்தவள் தன் சமாசாரத்தை எப்படி அடைகாத்திருப்பாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் மகள் இதற்கு நேர் எதிர். பேச்சு வந்த நாளிலிருந்து ஏன், எப்போ, யார் சொன்னா என்று எல்லோரையும் குறுக்கு விசாரணை செய்ததில் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றே பெயர் விழுந்துவிட்டது. படித்து முடித்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குப் போன பிறகும் பெயர் போகவில்லை. இரண்டு வருடமாக அவளுக்கு வம்சாவளிப் பைத்தியம். கம்ப்யூட்டரில் குடும்ப மரம் ஒன்றை வரைந்து வைத்திருந்தாள். அம்மா பக்கம் கிளையும் இலையுமாக ஏழு தலைமுறைக்குத் தழைத்துக் கிடந்தது. அப்பா பக்கமோ தாத்தாவோடு மொட்டையாக நின்றது.

தாத்தா, அதாவது கண்ணாடியத்தையின் அப்பா, எந்த ஊரில் பிறந்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. மீசை முளைக்கும் முன்பே வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்தவர். எந்த ஊர் என்று கேட்டால் "ரயில்ல பொறந்தேன்" என்பார். அடுத்த தடவை கேட்டால் "கப்பல்ல" என்பார். மூன்றாவது தடவை கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆள் வருகிறார்கள் என்று தெரிந்தாலும் அப்படித்தான், பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவார். ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் வசமாக மாட்டிக்கொண்டார். கண்புரை ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு மகள் வீட்டில் தங்கியிருந்த வருடம் அது.

வக்கீலுக்கு இந்தக் கதை தெரியும். அவள் வேட்டையாடிக் கண்டுபிடித்தது சட்டத்தை. கணக்கெடுப்புத் தாள்களை எழுபது வருடத்துக்கு யாரும் திறந்து பார்க்கக் கூடாது. ஆனால் அன்றைக்குத் தகவல் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் விரும்பினால் தன் வீட்டுத் தாளின் நகலைக் கேட்டு வாங்கலாம். அன்று கையெழுத்துப் போட்டவள் கண்ணாடியத்தை.

"அத்தை, இது நீங்க மட்டும்தான் கேக்க முடியும். நீங்க இருக்கிறப்பவே..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள் வக்கீல்.

"செத்தப்புறம் போட முடியாதுங்கிறே. சொல்லு, பரவாயில்ல. எனக்கும் அது தெரியும்."

"தாத்தா ஊரு பேரு ஒண்ணு போதும் எனக்கு. வேற எதுவும் வேண்டாம்."

வேற எதுவும் வேண்டாம் என்று அவள் சொன்னதுதான் கண்ணாடியத்தையின் நெஞ்சில் தைத்தது. அந்தத் தாளில் வேறு ஒன்று இருந்தது. அது இருப்பது உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். எழுபது வருடம் என்ற கெடு அவளைக் காப்பாற்றும், அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தாள். இப்போது அந்தக் கதவைத் தன் கையாலேயே திறந்துவிடச் சொல்கிறாள் இந்தப் பெண்.

அவள் முப்பது வருடத்துக்கு மேல் குடியிருந்தது ஒரு மாடி வீடு. வெளிப்பக்கமாக ஏறும் இரும்புப் படி, இரண்டு அறை, துணி காயப்போடக் கொஞ்சம் மொட்டைமாடி. கீழே வீட்டுச் சொந்தக்காரர் இருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், தெருவில் லிஃப்ட்காரர் என்றால் குழந்தைக்கும் தெரியும். மனைவி காலமாகி, ஒரே மகளை வெளியூரில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். ஊரையெல்லாம் மாடிக்கு ஏற்றி இறக்குகிற மனிதர் தன் வீட்டு மாடிப்படியில் காரணம் இல்லாமல் ஒருநாளும் கால் வைத்ததில்லை. காலையில் படிக்குக் கீழே நின்று அண்ணாந்து, "தண்ணி வருதா?" என்று ஒரு குரல். மேலேயிருந்து, "வருது" என்று ஒரு பதில். சில நாள் தண்ணீர் வராமலும் இருக்கும், அப்போதும் அவள் வருது என்றுதான் சொல்வாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பொதுக்குழாய்க்குப் போவாள். அந்தக் குரலுக்கு இல்லை என்று பதில் சொல்ல அவளுக்கு மனம் வராது.

ஆரம்பத்தில் அவரை சார் என்று கூப்பிட்டாள். சில வருடத்தில் அந்த சார் உதிர்ந்துவிட்டது. அதன் இடத்தில் வைக்க வேறு சொல் கிடைக்கவில்லை. அண்ணே என்று கூப்பிட வாய் வரவில்லை. என்னங்க என்று கூப்பிட முடியாது, அது பெண்டாட்டிகளின் சொல். கடைசியில் தொண்டையைச் செருமியே கூப்பிடப் பழகிக்கொண்டாள். அவளுடைய செருமலுக்கு அவர் திரும்பிப் பார்ப்பார், வேறு யார் செருமினாலும் திரும்ப மாட்டார். சளி பிடித்த நாட்களில்தான் குழப்பம்.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பீர்கள். அவர் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. அவ்வளவுதான். கூச்சத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று இருவரையும் உட்காரவைத்து நான்கு வார்த்தை கேட்கத்தான் தோன்றுகிறது, ஆனால் அதற்கெல்லாம் காலம் கடந்துவிட்டது.

கடைக்கு எப்போதாவது போன் வரும். முதலாளி எடுத்து, "உங்க வீட்டுக்காரர் பேசுறாரும்மா, மோட்டார் சாவி எங்கன்னு கேக்குறாரு" என்பார். கூட வேலை பார்க்கும் பெண்கள் களுக்கென்று சிரிப்பார்கள். வீட்டுக்காரர் என்றால் வீட்டுக்குச் சொந்தக்காரரும்தான், கட்டிய புருஷனும்தான். நம் பாஷையில் அந்த இரண்டு பேருக்கும் ஒரே பெயர். முதலாளி எதை நினைத்துச் சொன்னார் என்று அவள் விசாரிக்கப் போனதில்லை. முகம் சிவந்தபடி போய்ப் போனை வாங்கிக்கொள்வாள்.

அப்பா வந்து தங்கியிருந்த அந்த மாதங்கள்தான் அவள் வாழ்க்கையின் நல்ல காலம். அப்பாவுக்குச் சீட்டாட ஆள் வேண்டும். அதை ஒரு காரணமாகப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்ட்காரர் படியேறி வந்தார். ஒற்றைக் கண்ணோடு அப்பா ஏமாற்றுவார். இரண்டு கண்ணும் நன்றாக இருந்த லிஃப்ட்காரர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் தோற்பார். அடுப்படியிலிருந்து அவள் தேநீர் கொண்டுவந்து வைப்பாள். அவருக்குச் சர்க்கரை பாதி, அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை. மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, கீழே தெருவில் போகிற யாராவது நிமிர்ந்து பார்த்தால் இது ஒரு குடும்பம் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். அதை நினைத்து அவள் ஜன்னலைச் சாத்தாமல் வைப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கணக்கெடுக்கிற டீச்சர் வந்தார். வெயிலில் அலைந்து களைத்துப்போயிருந்தார். கீழ்வீடு பூட்டியிருந்ததால் நேரே படியேறி வந்துவிட்டார். அப்பாவுக்கு ஓட வழியில்லை. குக்கர் கத்திக்கொண்டிருந்தது, அவள் அடுப்படியில் இருந்தாள்.

"அம்மா, பெரியவருக்கு எதிர்ல உக்காந்திருக்கிறவர் யாரு?" என்று டீச்சர் கேட்டது விசிலுக்கு நடுவே காதில் விழுந்தது.

"அவரா? வீட்டுக்காரர்" என்று அவள் அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள். அந்த நிமிடம் அவள் மனதில் ஒரு கள்ளமும் இல்லை, சத்தியமாக இல்லை. கொஞ்ச நேரத்தில் லிஃப்ட்காரர் தன் வயது, படிப்பு, தொழில் எல்லாம் சொல்லிவிட்டு, தொட்டி நிரம்புகிறது என்று கீழே இறங்கிப் போனார். அப்பாவிடம் டீச்சர் பிறந்த ஊரைக் கேட்டார். அப்பா ரயிலைச் சொல்லவில்லை, கப்பலைச் சொல்லவில்லை.

"நான் சொன்னா யார் பார்ப்பாங்க?"

"யாரும் பார்க்க மாட்டாங்க ஐயா. உங்க பிள்ளைங்களே கேட்டாலும் நான் சொல்லக் கூடாது. சட்டம்."

அப்பா கையை ஆட்டி டீச்சரைப் பக்கத்தில் கூப்பிட்டு, காதோரமாக என்னவோ சொன்னார். சொன்ன பிறகு வெகுநேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துக்காகத் தாளை அவள் முன்னால் நீட்டியபோதுதான் பார்த்தாள். முதல் வரியில் லிஃப்ட்காரர், உறவு என்ற கட்டத்தில் குடும்பத் தலைவர். இரண்டாம் வரியில் அவள், மனைவி. மூன்றாம் வரியில் அப்பா, மாமனார். மாடி வீட்டில் மொத்தம் மூன்று பேர். ஒரே ஒரு சொல்லில் மேளமும் இல்லாமல் சாட்சியும் இல்லாமல் அவளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. சீட்டாட வந்த மனிதர் மாப்பிள்ளையாகிவிட்டார்.

அவள் ஐயையோ, அப்படி இல்லைங்க என்று சொல்லியிருக்க வேண்டும். எந்தத் தாளை நிரப்பினாலும் மணமாகாதவர் என்ற கட்டத்தில்தான் இதுவரை கோடு போட்டிருக்கிறாள். இந்தத் தாளை யாரும் பார்க்க மாட்டார்களாம். ஒரே ஒரு இடத்தில், ஒருவருக்கும் தெரியாமல் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அடியில் பொடி எழுத்தில், பொய்யான தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றம் என்று அச்சடித்திருந்தது. போட்ட பிறகுதான் அதைப் படித்தாள்.

"கீழ யாரும் இருக்காங்களாம்மா?"

"நீங்களே போய்க் கேட்டுக்குங்க" என்றாள்.

டீச்சர் இறங்கிப் போனார். கீழே பேச்சுக்குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டது, திரும்பி வந்து அடித்துத் திருத்தப் போகிறார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் வரவில்லை. வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் அதைப்பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. கீழே தனியாக இன்னொரு தாள் எழுதியிருப்பார்கள், அவரை இரண்டு தடவை எண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது, தன்னால் இந்த நாட்டின் ஜனத்தொகையில் ஒரு ஆள் கூடிவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். அதன்பிறகு பல மாதம், போலீஸ்காரர் யாராவது பவர் பார்க்கக் கடைக்கு வந்தால்கூட அவள் வேறு பெண்ணை அனுப்பிவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவாள்.

அப்பா அண்ணன் வீட்டுக்குத் திரும்பினார், அடுத்த வருடம் காலமானார். சீட்டுக்கட்டு அலமாரிக்குப் போனது. லிஃப்ட்காரர் மறுபடியும் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். வருடங்கள் அப்படியே போயின. கடைசியில் ஒருநாள் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவரும் போய்விட்டார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்களில் ஒருவர் இவளைக் காட்டி, இவங்க யாரு என்று கேட்டார். அவர் மகள் நல்ல பெண்தான், அழுது வீங்கிய முகத்தோடு, "மாடியில வாடகைக்கு இருக்கிறவங்க" என்றாள். அதில் ஒரு தப்பும் இல்லை. இவள் தலையாட்டிக்கொண்டு அண்டைவீட்டுப் பெண்களோடு ஓரமாக நின்றாள். உரக்க அழக்கூட அவளுக்கு உரிமை இருக்கவில்லை. மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

இதெல்லாம்தான் அந்த மாத்திரை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் அப்பாவின் ஊர் கிடைக்கும், தன் மானம் போகும். அத்தை கல்யாணமானவள் என்று பொய் எழுதிவைத்திருக்கிறாள், பாவம், எவ்வளவு ஆசை பார் என்று பேசுவார்கள். கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம். பாவம் என்றால் தாங்காது. நகலைத் தபாலில் வாங்கித் தனியாகப் படித்துவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஊருக்கெல்லாம் பார்வை பார்த்துக் கொடுத்தவளுக்கு இப்போது நடுப்பார்வை மங்கிவிட்டது. எதிரில் நிற்கிறவரின் தோள் தெரியும், முகம் தெரியாது. எழுத்துக்கு எந்த வில்லையும் உதவாது.

எட்டாம் நாள் அண்ணன் போன் செய்தார். அவருக்கும் உடம்பு சரியில்லை, மூச்சு வாங்கியது. "என்னம்மா, அப்பா எந்த ஊருன்னு தெரியாமலே நானும் போயிடுவேன் போலிருக்கே" என்றார் சிரித்துக்கொண்டு. அவள் போனை வைத்தாள். டப்பாவை நகர்த்தினாள். கட்டம் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அது கோணிக்கொண்டு போனது.

உறை வந்ததும் பிரிக்காமல் வைத்திருந்து வக்கீலிடம் கொடுத்தாள். வக்கீல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கண்களை ஓட்டினாள்.

"அத்தை! இருக்கு! தாத்தா ஊரு இருக்கு!" என்று கத்தி, பெயரைப் படித்தாள். ஒரு சின்ன ஆற்றங்கரை ஊரின் பெயர். கண்ணாடியத்தை அதை வாய்க்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்தாள். அப்பா டீச்சரின் காதில் சொல்லிவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஊரைத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் வக்கீல் மேல் வரிக்குப் போயிருந்தாள்.

"அத்தை, இதுல உங்களை மனைவின்னு போட்டிருக்கு. இவரு நம்ம கீழ்வீட்டு லிஃப்ட்காரர்தானே?" சட்டென்று சிரித்துவிட்டாள். "ஐயோ, புரிஞ்சுபோச்சு! நீங்க வீட்டுக்காரர்னு சொல்லியிருப்பீங்க. அந்த டீச்சர் தப்பா எழுதிட்டாங்க! என்ன கூத்து பாருங்க!"

தப்பித்துப் போக வாசல் தானாகத் திறந்திருந்தது. ஆமாண்டி, தப்பா எழுதிட்டாங்க என்று சேர்ந்து சிரித்தால் முடிந்தது. கண்ணாடியத்தை சிரிக்கவில்லை.

"தப்புதான் எழுதினாங்க" என்றாள். "ஆனா நான் படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

வக்கீல் ஏன் என்று கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கவில்லை. தாளைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள்.

"பின்னாடி குறிப்புன்னு என்னவோ கிறுக்கியிருக்காங்க அத்தை. படிக்கவா?"

"படி."

"'கீழ்த்தளத்தில் தனிக் குடும்பம் இல்லை. மாடியில் உள்ள குடும்பமே புழங்குகிறது. கீழே நேரில் விசாரித்தபோது குடும்பத் தலைவர் சொன்னது.'"

கண்ணாடியத்தை நிமிர்ந்தாள். "யார் சொன்னது?" என்றாள்.

"குடும்பத் தலைவர். அவருதான் அத்தை. வேற யாரு?"

அப்படியானால் டீச்சர் கீழே போய்க் கேட்டிருக்கிறார். மேலே உங்கள் மனைவி எல்லாம் சொல்லிவிட்டார், இங்கே தனியாக யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருப்பார். நான்தான் இருக்கிறேன், நான் வீட்டுச் சொந்தக்காரன் மட்டும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அடிபட்டுப் போயிருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. நானும் மாடியில் சேர்த்தி என்று சொல்லியிருக்கிறார்.

"இன்னொரு தடவை படி" என்றாள். வக்கீல் படித்தாள். கடைசி வரியைத் தனியாக ஒரு தடவை படிக்கச் சொன்னாள். அதையும் படித்தாள்.

"தெரிஞ்சிருக்கு" என்றாள் கண்ணாடியத்தை. குரல் உடைந்தது, ஆனால் முகத்தில் கோபம் ஏறியது, அசல் பெண்டாட்டியின் கோபம். "எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே இத்தனை வருஷமும் என்கிட்ட மாசாமாசம் வாடகை வாங்கியிருக்கார் பாரு, பாவி மனுஷன்!"

சொல்லிவிட்டு, அவருக்காக முதல் தடவையாக, இன்னொருவர் எதிரில், வாய்விட்டு அழுதாள்.